அக்காவின் வயிற்றில் எடுத்த மருந்து

அக்காவின் வயிற்றிலிருந்து அது வெளியே வந்தபோது நான் இரண்டு முழத் தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார்கள். அதில் வந்து விழுந்தது. சுண்டைக்காய் அளவு இருக்கும். கறுப்பாக, பிசுபிசுவென்று, ஓரத்தில் ஒரு மயிர் ஒட்டிக்கொண்டு, தண்ணீரில் ஒருமுறை புரண்டு அடியில் போய்த் தங்கியது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அத்தை கையெடுத்துக் கும்பிட்டாள். அப்பா குனிந்து பார்த்துவிட்டு, கடையில் சொத்தை வத்தலைப் பார்க்கும் அதே முகத்தோடு நிமிர்ந்தார்.

அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அக்காவின் வயிற்றிலிருந்து வந்திருக்க முடியாது என்று தெரிந்த ஆள் அங்கே நான் ஒருத்திதான். எனக்கு அப்போது பதிமூன்று வயது. வாயைத் திறக்கவில்லை.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. எங்கள் வீடு விருதுநகரில். அப்பாவுக்கு மிளகாய் வத்தல் வியாபாரம். வீட்டின் முன்பாதி வத்தல் மூட்டை அடுக்கும் கிட்டங்கி, பின்பாதியில் நாங்கள். அந்தக் கார நெடி எங்களுக்குப் பழகிப் போயிருந்தது. வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் "நல்லா இருக்கீகளா" என்று கேட்பதற்குள் நாலு தும்மல் போடுவார்கள். அத்தைக்கு அதில் ஒரு சந்தோஷம்.

அத்தை என்றால் அப்பாவின் மூத்த அக்கா. கணவர் இறந்த பிறகு எங்களோடு வந்துவிட்டாள். உணர்ச்சிகளைப் பற்றி இன்று புத்தகம் புத்தகமாக எழுதுகிறார்கள். அத்தைக்கு அவ்வளவும் விரல் நுனியில் இருந்தது. பயம் ஈரக்குலையில் உட்காரும். கோபம் பித்தத்தில் ஏறும். பொறாமை அடுத்தவள் கண்ணிலிருந்து கிளம்பி நம் சோற்றில் விழும். துக்கம் நெஞ்சில் கட்டியாக நிற்கும், நாலு பெண்கள் கூடி மாரடித்து அழுதால் கரையும். இதில் ஒன்றுகூட நம்முடைய சொந்தச் சரக்கு கிடையாது. எல்லாம் வெளியிலிருந்து வந்து ஏறிக்கொள்வது, வந்த வழியே திருப்பி அனுப்பிவிடக்கூடியது. பயந்தால் திருநீறு. கண் பட்டால் உப்பும் வத்தலும் சுற்றி அடுப்பில் போட வேண்டும். வத்தலுக்கு எங்கள் வீட்டில் பஞ்சமில்லை என்பதால் வாரத்துக்கு இரண்டு முறை எங்களுக்குக் கண் பட்டது.

ஒரு கன்னிப் பெண்ணுக்கு வரக்கூடாத ஆள்மேல் ஆசை வந்தால்? அதற்கும் அத்தையிடம் பதில் இருந்தது. மருந்து. தின்பண்டத்தில் கலந்து கொடுத்துவிடுவார்கள். அது வயிற்றில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய நாளிலிருந்து அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தவன் முகம் மட்டும்தான் கண்ணில் தெரியும். அதனால் எங்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. அந்நியர் கையால் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக் கூடாது.

இதைச் சொன்னால் இந்தக் காலத்துப் பெண்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எனக்கு ஆத்திரமாக வரும். சிரிக்காதீர்கள். அந்தச் சட்டத்துக்குள் ஓர் இரக்கமும் இருந்தது. அது எனக்குப் புரிய வெகுகாலம் ஆனது.

சிவகாசியில் ஓர் அச்சுக் கம்பெனியில் அப்பாவுக்குப் பங்கு இருந்தது. பட்டாசுப் பெட்டிக்கும் தீப்பெட்டிக்கும் லேபிள் அடிக்கிற கம்பெனி. அங்கே படம் வரைகிறவர் ஒருவர் இருந்தார். புது ஆர்டர் வந்தால் சனிக்கிழமை மத்தியானம் படங்களைச் சுருட்டிக்கொண்டு ரயிலில் வருவார். ஒல்லியான ஆள். நகக்கண்களில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் இருக்கும். முன்கட்டில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, தும்மலை அடக்க முடியாமல் மூக்கைப் பிடித்துக்கொண்டே படத்தை விரிப்பார்.

அப்பாவுக்கு வத்தலின் சிவப்பைத் தவிர வேறு நிறத்தில் நம்பிக்கை கிடையாது. அதனால் படத்தை உள்ளே எடுத்து வந்து அக்காவிடம் காட்டுவார். அக்காவுக்குப் பதினெட்டு வயது. பள்ளிக்கூடத்தை நிறுத்தி நாலு வருஷம் ஆகியிருந்தது. கோலத்துக்கு அவள் கலக்கும் நிறங்களைப் பார்க்கத் தெருவே வரும்.

"மயில் களுத்துல இன்னுங் கொஞ்சம் பச்சை ஏறணும்பா. இது பாசி புடிச்ச மாதிரி இருக்கு" என்பாள் கதவுக்குப் பின்னால் நின்று.

அப்பா முன்கட்டுக்குப் போய், "தம்பி, பச்சை ஏறணுமாம்" என்பார்.

"யாரு சொன்னா அண்ணாச்சி?"

"வீட்டுல."

அடுத்த சனிக்கிழமை மயிலின் கழுத்தில் பச்சை ஏறியிருக்கும். அக்கா சொன்னதைவிட ஒரு பங்கு கூடுதலாகவே ஏறியிருக்கும். ஒருநாள் அவர் வேண்டுமென்றே ஒரு கிளிக்கு நீல மூக்கு வைத்துக் கொண்டுவந்தார். அப்பா அதை உள்ளே காட்டினார். அக்கா சத்தமாகச் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு முன்கட்டு வரைக்கும் கேட்டிருக்கும். அவருக்கு வேண்டியதும் அதுதான். இப்படி ஆறேழு மாதம் அவர்கள் இரண்டு பேரும் நிறங்களாலேயே பேசிக்கொண்டார்கள். தூது போனது அப்பா. கடைசிவரை அப்பாவுக்கு இது தெரியாது.

நேருக்கு நேர் அவர்கள் பார்த்துக்கொண்டது, எனக்குத் தெரிந்து, ஒரே முறை. பங்குனிப் பொங்கலன்று கோயில் வாசலில். ஒரு நிமிஷம்கூட இருக்காது. அக்கா அப்புறம் வீட்டுக்கு வரும்வரை என் கையை இறுகப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை நான் தையல் வகுப்பு முடிந்து வந்துகொண்டிருந்தேன். ரயில்வே கேட் பக்கத்தில் அவர் நின்றார். கையில் வாழையிலைப் பொட்டலம்.

"சீவில்லிபுத்தூர்ப் பால்கோவா. அக்காட்டக் குடுத்துரு பாப்பா. பச்சை சொன்னதுக்குன்னு சொல்லு."

வாங்கிக்கொண்டேன். சட்டம் ஞாபகம் வரவில்லை. வாசனைதான் வந்தது. ஒரு கிள்ளு எடுத்து வாயில் போட்டேன். அக்காவுக்குக் குறைந்தது தெரியாமல் இருக்க ஓரத்தைச் சரி செய்தேன். மறுபடி ஓரம் கோணலாகத் தெரிந்தது. அதையும் சரி செய்தேன். எங்கள் தெருமுனை வந்தபோது இலை மட்டும்தான் இருந்தது. அதைச் சாக்கடையில் போட்டு, தெருக் குழாயில் வாயைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் போனேன். அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. பச்சை சொன்னதுக்கு என்ற சேதியையும் சேர்த்தே விழுங்கிவிட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பாக்கி வசூலுக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்த அப்பா, வரும்போது பால்கோவா வாங்கி வந்தார். எல்லோரும் சாப்பிட்டோம். அக்காவும் சாப்பிட்டாள்.

ஒரு மாதம் கழித்து, தீபாவளி சீசனுக்கான லேபிள் அச்சாகி வந்தது. ஒரு பெண் கையில் கம்பி மத்தாப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம். அப்பா பெருமையாக உள்ளே கொண்டுவந்து காட்டினார். அத்தை அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"ஏலே தம்பி, இது நம்ம புள்ளையில்ல?"

அக்காவுக்கு இடது புருவத்துக்கு மேல் ஒரு சின்னத் தழும்பு உண்டு. குழந்தையில் நிலைப்படியில் விழுந்தது. படத்திலிருந்த பெண்ணுக்கும் அதே இடத்தில் தழும்பு இருந்தது. பட்டாசு லேபிளுக்கு அழகான பெண் இருந்தால் போதும். தழும்பு யாருக்கு வேண்டும்? அதை வரையாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவருக்கு விட மனம் வரவில்லை. அந்த ஒரு நிமிஷத்தில் அவர் என்ன பார்த்தாரோ அதை வரைந்துவிட்டார்.

மூன்று நாள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா அக்காவோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் அப்பா அவளைக் கூப்பிட்டு நிறுத்தி, என்ன விஷயம் என்று கேட்டார். அக்கா தலையைக் குனியவில்லை.

"எனக்கு அவுகளப் புடிச்சிருக்குப்பா."

எங்கள் வீட்டில் அப்படி ஒரு வாக்கியத்தை அதுவரை யாரும் பேசியதில்லை. அப்பா என்ன செய்வதென்று தெரியாமல் துண்டை எடுத்துத் தோளில் போட்டார், மறுபடி எடுத்தார். அத்தைதான் எழுந்து வந்தாள். கோபமே இல்லை அவளுக்கு. அக்காவின் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள்.

"இது அவ பேசல. உள்ள கெடக்குறது பேசுது." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏ புள்ள, அந்தப் பய எதாச்சும் திங்கக் குடுத்தானா?"

நான் தின்றுவிட்டேன் என்று சொன்னால் அடி விழும். அதைவிடப் பெரிய பயம், மருந்து என் வயிற்றில் இருக்கிறது என்று ஆகிவிடும். அக்காவிடம் கொடுத்தேன் என்று சொன்னால், தெரிந்தே வாங்கித் தின்றவள் என்று அக்காவைக் கொன்றுவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி அந்த நொடியில் எனக்குத் தோன்றியது. அத்தனை சாமர்த்தியம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

"பால்கோவா குடுத்தாரு. அப்பா வாங்கிட்டு வந்ததோட கலந்து அக்கா தட்டுல வச்சுட்டேன். அக்காவுக்குத் தெரியாது. தின்னுட்டா."

அத்தனை பேர் முகத்திலும் ஒரு நிம்மதி படர்ந்ததை நான் பார்த்தேன். அம்மா ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். மூன்று நாளுக்குப் பிறகு அப்போதுதான் அவளைத் தொட்டாள். அப்பாவின் கண் கலங்கியது. பெண் கெட்டுப்போகவில்லை, பெண்ணுக்குக் கெடுதல் நடந்திருக்கிறது, அவ்வளவுதான். எனக்குக்கூட நல்ல காரியம் செய்த மாதிரிதான் இருந்தது. நான் சொன்ன இரக்கம் இதுதான். அந்தச் சட்டத்தில் யார்மேலும் குற்றம் கிடையாது.

அக்கா மட்டும் அம்மாவின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"தெரியாமத் தின்னுட்டேனா?"

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

இருக்கன்குடி அம்மனுக்குப் பொங்கல் வைக்கப் போகிறோம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். சாத்தூர் வரை ரயில், அப்புறம் மாட்டுவண்டி. ஆத்தா சன்னதியில் உண்மையாகவே பொங்கல் வைத்தோம். அக்காவுக்கு மட்டும் கொடுக்கவில்லை, வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்று. பிறகு ஆற்று மணலைத் தாண்டி ஒரு சின்ன ஊருக்குப் போனோம். மருந்து எடுக்கிற பெண் பயங்கரமாக இருப்பாள் என்று நான் நினைத்திருந்தேன். சாதாரணமாக இருந்தாள். முற்றத்தில் அடுப்பெரிக்கப் பருத்திமாரைக் கட்டிக்கொண்டிருந்தவள், கையைக் கழுவிவிட்டு வந்தாள். "வாங்க, உக்காருங்க, வெயில்ல வந்திருக்கீக" என்று மோர் கொடுத்தாள்.

அக்காவைப் படுக்க வைத்துப் பச்சிலைச் சாறு புகட்டினாள். வயிற்றில் திருநீறு பூசினாள். ஒரு சாண் நீளத்தில் உள்ளே துளையுள்ள நாணற்குச்சியைத் தொப்புளுக்குப் பக்கத்தில் வைத்து, மறுமுனையில் வாயை வைத்து உறிஞ்சினாள். அக்கா கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் மூன்று முறை உறிஞ்சித் தாம்பாளத்தில் துப்பினாள். முதல் இரண்டு முறை எச்சில். மூன்றாம் முறைதான் அது.

"எம்புட்டு நாளா கெடந்திருக்கு பாருங்க. இன்னும் ஒரு மாசம் போயிருந்தா கொடலோட ஒட்டியிருக்கும்" என்றாள். அப்புறம் வாயைக் கொப்பளித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இந்தச் சின்னப் புள்ள ஏன் இப்படி வேர்த்து விறுவிறுத்துப் போயி இருக்கு? இதுக்கும் பாத்துருவமா?"

"அது பயந்த சுபாவம்" என்றாள் அம்மா.

திரும்பி வரும்போது அக்கா வண்டியில் அம்மா மடியில் தலைவைத்துத் தூங்கினாள். மறுநாள் காலையில் நாலு இட்லி சாப்பிட்டாள். அத்தை அதைத் தெருவுக்கே சொல்லாத குறைதான்.

படம் வரைகிறவரைக் கம்பெனியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். எங்கே போனார் என்று யாரும் சொல்லவில்லை. லேபிள் படத்தை ஏற்றியிருந்த அச்சுக் கல்லைத் தேய்த்து அழிக்கச் சொன்னார் அப்பா. அடித்து முடித்த காகிதத்தைக் குப்பையில் போட மட்டும் வியாபாரிக்கு மனம் வரவில்லை. "வடக்க போற லோடுல ஒட்டி அனுப்பிருங்க. அங்கன யாருக்குத் தெரியப் போகுது" என்றார். அக்காவின் முகம் பெட்டி பெட்டியாக ரயிலேறிப் போனது. ஒரே ஒரு லேபிளை நான் திருடி என் பூகோளப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு கம்பெனியிலிருந்து வேறு ஆள் படம் கொண்டுவந்தார். அப்பா பழையபடி உள்ளே எடுத்து வந்து காட்டினார். அக்கா பார்த்தாள்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குப்பா" என்றாள்.

இரண்டாவது படத்துக்கும் அதையே சொன்னாள். மூன்றாவதுக்கும் அதுதான். பிறகு அப்பா காட்டுவதை நிறுத்திவிட்டார். அந்த வாக்கியம் எனக்குள் இன்றுவரை ஓயவில்லை. அடுத்த தையில் சிவகாசியில் அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு விஸ்வநத்தத்தில் சின்னதாக ஒரு பட்டாசுக் கம்பெனி. நல்ல மனிதர், அதிர்ந்து பேசமாட்டார். அக்கா தங்கமான மருமகள் என்று பெயர் வாங்கினாள். கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. சத்தமாகச் சிரித்தும் யாரும் பார்த்ததில்லை.

எனக்கு என்ன ஆனது என்று சொல்ல வேண்டும். மருந்து என்று ஒன்று இருந்திருந்தால் அது என் வயிற்றில்தானே இருந்தது. அது எப்போது வேலை செய்யும் என்று காத்திருந்தேன். வயிறு புரண்டால் பயம். பசித்தால் பயம். கொஞ்ச நாளில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ரயில்வே கேட் பக்கம் கண் தானாகப் போனது. அப்புறம் அவர் முகம் கனவில் வந்தது. அவர் என்னிடம் பேசியது மொத்தம் பத்து வார்த்தை இருக்காது. பதினாலு வயதில் நான் அந்த மனிதரை நினைத்துக் கிட்டங்கி மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். கண் எரிச்சலுக்கு வத்தல் இருந்ததால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அது பயமா, ஆசையா, நான் அக்காவிடமிருந்து திருடியது இதையும்தானா, எனக்குத் தெரியவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போய் எடுக்கத்தான் ஆளில்லை.

ஒவ்வொரு தீபாவளிக்கு மறுநாளும் தெருவெல்லாம் காகிதக் குப்பையாகக் கிடக்கும். நான் குனிந்து பார்த்துக்கொண்டே நடப்பேன். ஒரு கன்னம், ஒரு மயில் வால், ஒரு லட்சுமி கை. தழும்புள்ள புருவம் எங்கும் கிடைக்காது. அது வடக்கே போய்விட்டது என்று எனக்கே தெரியும். ஆனாலும் தேடுவேன்.

பிறகு ஆசிரியர் பயிற்சிக்கு மதுரைக்குப் போனேன். அங்கே மனோதத்துவம் என்று ஒரு பாடம். பாடம் எடுத்த அம்மாள் கரும்பலகையில் ஒரு மனிதத் தலையை வரைந்து, உணர்ச்சிகள் எல்லாம் மனிதனுக்குள்ளிருந்தே எழுகின்றன என்று விளக்கினார். நான் எழுந்து நின்றேன்.

"வெளியிலேருந்து உள்ள போறதுக்கு வழியே இல்லையா மேடம்?"

வகுப்பே சிரித்தது. அந்த அம்மாளும் சிரித்துவிட்டு, இல்லை, அதெல்லாம் அறியாத காலத்து நம்பிக்கை என்றார்.

அன்றைக்கு விடுதியில் நான் சாப்பிடவில்லை. அத்தையின் சட்டப்படி நான் செய்தது ஒரு சின்னத் திருட்டும் ஒரு பொய்யும். வயிற்றில் ஏதோ இருந்தது, யாரோ வைத்தது, எடுத்தாயிற்று. கரும்பலகையின் சட்டப்படி பார்த்தால் அக்காவுக்குள் யாரும் எதையும் வைக்கவில்லை. மயில் கழுத்துப் பச்சைபோல அது அவளே பார்த்து, அவளே சொன்னது. அவளுடையதை அவளுடையது இல்லை என்று நம்ப வைத்திருக்கிறேன். தலையை ஆட்டியது நான்தான்.

அதை அக்காவிடம் சொல்ல ஏழெட்டு வருஷம் எடுத்துக்கொண்டேன். வீட்டில் கல்யாணப் பேச்சு எடுக்கும்போதெல்லாம் ஏதாவது சொல்லித் தட்டிக்கழித்துக்கொண்டும் வந்தேன். அதற்குள் அறுபதுகள் பாதிக்கு மேல் ஓடிவிட்டன. அத்தை இல்லை. வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கன்னிப் பெண்கள் தலையணைக்கு அடியில் வைத்துப் படித்தார்கள். காதல் என்ற சொல்லைப் பெரியவர்கள் எதிரிலேயே பேசினார்கள், கேலியாகவாவது. நான் டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் பையில் ஒரு கடிதம் அகப்பட்டது. அவள் அப்பா வந்து என் முன்னால் நின்றார்.

"சினிமா பாத்துக் கெட்டுப் போச்சு டீச்சர்."

மருந்து வயிற்றிலிருந்து தலைக்கு ஏறியிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்தேன். ஆனால் அந்தப் பெண் தலையைக் குனியவில்லை. "சினிமாவும் இல்ல ஒண்ணும் இல்ல. இது என் மனசு டீச்சர்" என்றாள். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் என் அக்கா நின்ற மாதிரியே நின்றாள். இவளுக்குச் சொல்லிக்கொள்ள மனசு என்று ஓர் இடம் கிடைத்திருந்தது. அந்தச் சனிக்கிழமையே நான் சிவகாசிக்குப் பஸ் ஏறினேன். பைக்குள் அந்த லேபிளை வைத்திருந்தேன்.

தீபாவளிக்கு ஒரு மாதம் இருந்தது. ஊரே பசையும் கந்தகமுமாக வாடை அடித்தது. அக்கா பின்கட்டில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். குழந்தைகள் விளையாடப் போயிருந்தார்கள். விஸ்வநத்தம் பக்கம் வெடி வெடித்துப் பார்க்கும் சத்தம் அவ்வப்போது கேட்டது. எனக்குத் தூக்கிப்போட்டது. அக்காவுக்கு இமைகூட அசையவில்லை.

"யக்கா, அந்தப் பால்கோவாவ நான் தின்னுட்டேன்."

"எந்தப் பால்கோவா?" என்றாள். உடனேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கையிலிருந்த கத்தி நின்றது.

ரயில்வே கேட்டிலிருந்து சாக்கடையில் இலையைப் போட்டது வரை எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்ப எனக்குள்ள ஒண்ணும் போகலியா?"

"போகலக்கா."

"அவ எடுத்தாளே, அது?"

"முன்னாடியே வாயில வச்சிருந்திருப்பா."

அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவள் ஒரு வெங்காயத்தை எடுத்தாள், உரிக்காமல் கையில் வைத்துக்கொண்டாள்.

"இத எதுக்கு இப்ப வந்து சொல்லுற?"

நான் படித்ததையெல்லாம் கொட்டினேன். "அது உன்னோடதுக்கா. யாரும் குடுத்தது இல்ல. உன் மனசுலேருந்து வந்தது. அது உனக்குத் தெரியணும்ல."

அக்கா வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டுப் பேசினாள். குரலை உயர்த்தவே இல்லை.

"அது மருந்துன்னு நெனச்சுக்கிட்டுத்தான் இந்த வீட்டுக்குள்ள வெளக்கேத்துனேன். மூணு புள்ள பெத்தேன். எப்பவாச்சும் நெஞ்சுக்குள்ள என்னமோ எந்திரிச்சு வரும். மிச்சம் மீதி ஒட்டிக்கிட்டு இருக்கும்போல, போயிரும்னு இருப்பேன். போயிரும். மருந்துன்னா எடுத்துறலாம். நீ இப்ப வந்து என்னுதுங்குற. இனிமே இத நான் எங்கன போயி எடுக்க?"

கரும்பலகையில் அதற்குப் பதில் எழுதியிருக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அத்தான் வந்தார். புருவத்திலும் தலைமுடியிலும் பட்டாசுக்குச் சேர்க்கும் வெள்ளிப் பொடி. "எப்ப வந்தீக? சாப்பிட்டீகளா?" என்று சிரித்தார். அக்கா எழுந்து செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுக்கும்போது தண்ணீர் தளும்பி அவர் காலில் கொட்டியது. என்ன என்று அவர் அவளைப் பார்த்தார். "வெங்காயம் உரிச்ச கை, வழுக்குது" என்றாள். அவர் அதை நம்பினார். அந்த நல்ல மனிதரைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவருக்கும் சேர்த்துத்தான் நான் கெடுதல் செய்திருந்தேன்.

லேபிளைப் பையிலிருந்து நான் எடுக்கவில்லை. இன்றும் என்னிடம்தான் இருக்கிறது. சிவப்பெல்லாம் வெளிறிவிட்டது. தழும்பு மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

சாயங்காலம் அக்கா என்னைப் பஸ் ஏற்ற வந்தாள். எப்போதும் வருவாள்தான். வழியெல்லாம் குழந்தைகளின் படிப்பு, அப்பாவின் மூட்டுவலி என்று பேசினாள். நான் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். டிரைவர் வந்து வண்டியைக் கிளப்பினார். அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்தாள்.

"குடுக்கும்போது எதாச்சும் சொன்னாகளா?"

"பச்சை சொன்னதுக்குன்னு சொல்லச் சொன்னாகக்கா."

அக்கா தலையை ஆட்டினாள். கம்பியை விடவில்லை. பஸ் மெல்ல நகர்ந்தது. அவளும் கூடவே நாலு எட்டு நடந்தாள்.

"நல்லா இருந்துச்சா?" என்றாள்.

அவள் எதைக் கேட்கிறாள் என்று புரிய எனக்கு ஒரு நொடி ஆனது.

"ரொம்ப நல்லா இருந்துச்சுக்கா. லேசா புகை வாசம் அடிச்சுச்சு. இனிப்பு அளவா இருந்துச்சு."

அக்கா கம்பியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.